இயற்பியல் விதிகள்: யார் விதித்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாப்பூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். பாடத்தில் இல்லாத கேள்விகள் எல்லாம் வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போதுதான் வரும். சாயங்காலம் மெரினாவில் கூட நடக்கும் பெரியவர்கள், அதாவது ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர், தமிழாசிரியர் ஒருவர், இவர்களும் விடுவதில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப வாயால் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். இதில் பாதி விஷயம் இன்னும் தீராத சண்டை, என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் மறைக்கவில்லை.

"விதி" என்றால் தலைவிதி மாதிரியா, போக்குவரத்து விதி மாதிரியா?

குழப்பமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஒரே சொல்லை மூன்று இடத்தில் போட்டு வைத்திருக்கிறோம். தலைவிதி என்றால் முன்பே எழுதியது, தப்ப முடியாது. போக்குவரத்து விதி யாரோ உட்கார்ந்து போட்டது, மீறலாம், போலீஸ்காரர் இல்லாத சிக்னலில் தாராளமாக மீறுகிறோம், பிடிபட்டால் அபராதம். மூன்றாவது இலக்கண விதி. மரமும் வேரும் சேர்ந்தால் 'ம்' கெட்டு மரவேர் ஆகும் என்று படித்தோமே, அது. யாரும் இதை முதலில் சட்டமாகப் போட்டுவிட்டு, அதற்கு அப்புறம் மக்கள் பேச ஆரம்பிக்கவில்லை. பேசினார்கள், பாடினார்கள், அதைக் கேட்டு ஒருவர் ஒழுங்கைக் கண்டுபிடித்து எழுதி வைத்தார். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்று தமிழாசிரியர் நண்பர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சொல்வார்.

ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் டெக்கார்ட் போன்ற தத்துவக்காரர்கள் இயற்கைக்குச் சட்டம் உண்டு என்று பேசியபோது அதை உவமையாகச் சொல்லவில்லை. கடவுள் சட்டம் போட்டார், பொருள்கள் அதன்படி நகர்கின்றன என்று நேராகவே நம்பினார்கள். பிற்பாடு பாடப்புத்தகத்திலிருந்து சட்டம் போட்டவரை எடுத்துவிட்டார்கள், சொல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. யாரும் போடாத சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் கீழே வரும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சிக்கல். நான் இலக்கண விதியிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்ச தூரம் நன்றாக வரும், அப்புறம் ஓரிடத்தில் காலை வாரிவிடும்.

சார், மேலே எறிந்த கல்லுக்கு விதி எப்படித் தெரியும்?

கேட்ட பையன் கிண்டலுக்குத்தான் கேட்டான். ஆனால் வாயுக்களின் அழுத்தம் பற்றிய விதிக்குப் பேர்போன ராபர்ட் பாயிலே இதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். சட்டத்தைப் புரிந்துகொண்டு அதன்படி நடக்க அறிவு வேண்டும், உயிரற்ற பொருளுக்கு அது ஏது, ஆகவே 'சட்டம்' என்பதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். கல்லுக்கு ஒன்றும் தெரியாது. பூமி இழுக்கிறது, விழுகிறது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். அப்போது கேள்வி ஒரு படி தள்ளிப் போகும், அவ்வளவுதான்: இவ்வளவுதான் இழுக்க வேண்டும் என்று பூமிக்கு யார் சொன்னது?

தவிர, 'ஏதோ ஒரு விசை தள்ளுகிறது' என்ற பதில் எல்லா இடத்திலும் செல்லாது. பௌலியின் தவிர்க்கைத் தத்துவத்தை (1925) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்காது என்கிறது. ஆள் உட்கார்ந்திருக்கும் சீட்டில் இன்னொருவர் உட்கார முடியாத மாதிரி என்று வகுப்பில் சொல்வேன், ஆனால் உதாரணம் பாதிதான் சரி, ஏனென்றால் 21ஜி பஸ்ஸில் சீட்டில் இருப்பவர் முழங்கையால் தள்ளுவார், எலக்ட்ரான் விஷயத்தில் அப்படித் தள்ளுவதற்கென்று தனி விசை எதுவும் கிடையாது. தள்ளாமலே தடுக்கிறது. இந்த பௌலி கீழே இன்னொரு தரம் வருவார்.

புத்தகத்தில் 'விதி' என்று அச்சடித்தது எல்லாம் விதிதானா?

இல்லவே இல்லை. மின்னழுத்தத்தை இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும் என்கிறது ஓம் விதி. பழைய குண்டு பல்பை வைத்து அளந்து பாருங்கள், கோடு நேராக வராது, வளையும். இழை பழுக்கக் காய்ந்தால் அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. பல்பு எந்தக் குற்றமும் செய்யவில்லை, சில பொருள்கள் சில நிலைமைகளில் எப்படி நடந்துகொள்ளும் என்ற குறிப்புக்குப் பெரிய பேர் வைத்தது நாம்தான்.

சென்னைக்காரர்களுக்கு இதில் இன்னும் நல்ல உதாரணங்கள் நுங்கம்பாக்கத்தில் இருக்கின்றன. இப்போது வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792இல் கட்டிய மெட்ராஸ் வானியல் ஆய்வகம் இருந்தது, அதன் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அதன் பொறுப்பில் இருந்த ஜான் கோல்டிங்காம், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கும் பீரங்கியின் வெளிச்சம் தெரிவதற்கும் சத்தம் வந்து சேர்வதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று அளந்து ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளியானது. எனக்கு அதில் பிடித்த விஷயம், அவர் ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் கூடவே குறித்தார், வேகமும் மாதத்துக்கு மாதம் வேறாக வந்தது. 0 டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர், நம்மூர் 30 டிகிரியில் சுமார் 349. ஆகவே 'ஒலியின் வேகம் இவ்வளவு' என்பதை விதி என்று சொல்ல முடியாது. வெப்பத்தோடு அது எப்படி மாறுகிறது என்பது விதிக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது, அதற்கும் அடியில் காற்று மூலக்கூறுகளின் ஓட்டம் இருக்கிறது. இப்படித் தோண்டிக்கொண்டே போய் இதற்குக் கீழே ஒன்றும் இல்லை என்று நிற்கும் இடத்தில் இருப்பவற்றைத்தான் தத்துவக்காரர்கள் விதி என்கிறார்கள். அங்கே யாராவது உண்மையிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறார்களா என்பது வேறு.

அதே ஆய்வகத்துக்கு 1861இல் வந்து சேர்ந்த நார்மன் போக்சன் வேறு ரகம். விண்மீன் பிரகாசத்தில் ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளி 100 மடங்கு, ஆக ஒரு படிக்கு சுமார் 2.512 மடங்கு என்று 1856இல் முன்மொழிந்தவர் அவர். இதையும் போக்சன் விதி என்று எழுதுகிறவர்கள் உண்டு. இது சவரன் என்றால் எட்டு கிராம் என்பது போல நாம் வைத்துக்கொண்ட அளவு. எந்த விண்மீனும் இதை மீறாது, மீறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் 'எப்போதும் இப்படித்தான் நடக்கிறது' என்பதற்குப் பேர்தான் விதியா?

கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லும் பெரிய கூட்டம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் டேவிட் ஹியூம் ஆரம்பித்து வைத்தார்: ஒன்றை அடுத்து இன்னொன்று வருவதைத்தான் பார்க்கிறோம், 'வந்தே தீர வேண்டும்' என்ற கட்டாயத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நம் பக்கத்து உலகாயதர்களும் (கண்ணால் கண்டதைத்தான் நம்புவோம் என்றவர்கள்) இதற்குப் பக்கத்தில் நின்றவர்களே. புகை இருக்கும் இடத்தில் எல்லாம் நெருப்பு இருக்கும் என்கிறாயே, நீ போய்ப் பார்க்காத அடுப்படிகளுக்கும் சேர்த்து எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார்கள். ஆக, விதி என்பது விலக்கில்லாத ஒழுங்கு. இலக்கணக்காரர் வழி.

இது இடிக்கும் இடத்தைக் காட்ட தத்துவக்காரர்கள் அடிக்கடி எடுக்கும் உதாரணம் ஒன்றைத் தி.நகருக்கு இழுத்து வருகிறேன். '1,000 டன் எடையில் ஒற்றைத் தங்க உருண்டை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, இருக்கப் போவதும் இல்லை.' இது உண்மையாகவே இருக்கலாம். இப்போது தங்கத்துக்குப் பதில் யுரேனியம்-235 என்று மாற்றிப் படியுங்கள். அதுவும் உண்மை. இரண்டு வாக்கியத்துக்கும் விலக்கே இல்லை, ஒழுங்கு என்ற அளவில் இரண்டும் சமம். ஆனால் தங்க உருண்டை இல்லாததற்குக் காரணம் யாருக்கும் அவ்வளவு பணமும் கிறுக்கும் இல்லை என்பதுதான். அந்த 1,000 டன் தங்கத்தையும் உருக்கினால் நாலரை மீட்டர் விட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு உருண்டை சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். யுரேனியம்-235 சுமார் 52 கிலோவைத் தொட்டாலே, அதாவது 17 சென்டிமீட்டர் விட்டம், ஒரு இளநீரைவிடச் சின்னது, அணுக்கருக்கள் ஒன்றை அடுத்து ஒன்றாகப் பிளக்கும் தொடர்வினை தானாகப் பிடித்துக்கொள்ளும். கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர் யாரிடமாவது இரண்டு வாக்கியத்தையும் சொல்லிப் பாருங்கள், முதலாவதுக்குச் சிரிப்பார். 'இருந்ததில்லை', 'இருக்க முடியாது' இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியை வெறும் ஒழுங்கை வைத்து நிரப்ப முடியவில்லை.

இதற்கு இரண்டு வழி சொன்னார்கள். டேவிட் லூயிஸ் என்ற அமெரிக்கர், ஹியூம் கட்சியிலேயே இருந்துகொண்டு, பிரபஞ்சத்தில் நடந்தது, நடக்கப்போவது அத்தனையையும் குறைந்த வரிகளில் அதிகம் சொல்லும்படி ஒரு நூலாகச் சுருக்கினால் அதில் இடம்பிடிக்கும் சூத்திரங்களே விதிகள் என்றார். நூற்பா எழுதிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஒரு எழுத்து மிச்சமானாலும் லாபம். அணுக்கருவைப் பற்றிய சூத்திரம் உள்ளே வரும், யுரேனியம் பற்றிய வாக்கியம் அதிலிருந்து தானாகக் கிளைக்கும், தங்க உருண்டைக்கு இடம் கிடைக்காது. ஆஸ்திரேலியாவின் டேவிட் ஆம்ஸ்ட்ராங் போன்றவர்கள் 1970கள், 80களில் இதை மறுத்தார்கள். பண்புகளுக்கு இடையே உண்மையாகவே ஒரு கட்டாயம் இருக்கிறது, சுருக்கம் என்பதெல்லாம் நம் வசதி என்றார்கள். கட்டாயம் என்று பேர் வைத்துவிட்டால் அது கட்டாயப்படுத்திவிடுமா, ஆம்ஸ்ட்ராங் என்று பேர் இருப்பதாலேயே ஒருவருக்குப் புஜபலம் வந்துவிடுமா என்று லூயிஸ் பதிலுக்கு வாரினார். தத்துவத்தில் இப்படி நல்ல கடி அபூர்வம்.

நீங்கள் எந்தக் கட்சி?

பாதி நாள் இலக்கணக் கட்சி. மீதி நாள் மாநிலக் கல்லூரியைத் தாண்டி நடக்கும்போது சந்திரசேகர் ஞாபகம் வந்து தடுமாறுகிறேன்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் மெரினாவுக்கு எதிரே இருக்கும் அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு 1930 ஜூலை கடைசியில், 19 வயதில், பம்பாயில் கப்பல் ஏறினார். இங்கிலாந்து போய்ச் சேருவதற்குள் ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீன் ஆகிறது. அதற்கு மேலும் சுருங்காமல் அதைத் தாங்கிப் பிடிப்பது எலக்ட்ரான்களின் நெரிசல், அதாவது மேலே பார்த்த பௌலி. இதோடு ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலைச் சேர்த்தால் அந்தத் தாங்கும் வலுவுக்கு ஒரு எல்லை வந்துவிடுகிறது, இன்றைய கணக்கில் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் நிறை உள்ளது வெண்குறுமீனாக நிற்காது, இடிந்துகொண்டே போகும். 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் இதை முன்வைத்ததும், அந்தக் கால வானியலின் பெரிய தலையான எடிங்டன் எழுந்து, விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார்.

இருக்க வேண்டுமாம். கோர்ட்டில் தடையுத்தரவு கேட்பது மாதிரி. மனு தள்ளுபடி ஆயிற்று: 1967இல் துடிவிண்மீன்கள் அகப்பட்டன, அவை வெண்குறுமீனைத் தாண்டியும் இடிந்துபோன நியூட்ரான் விண்மீன்கள், பிறகு கருந்துளைகளுக்குச் சான்று வந்தது, 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசும் வந்தது.

என்னைத் தடுமாற வைப்பது எடிங்டன் தோற்றது இல்லை. கப்பலில் அந்தப் பையன் கையில் இருந்தவை அணுவையும் ஒளியையும் பார்த்து எழுதிய விதிகள். விண்மீன் இடிவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. விதி என்பது நடந்ததன் சுருக்கம் மட்டும்தான் என்றால், அணுவைப் பற்றிய சுருக்கம் விண்மீனை எப்படிக் கட்டியது? சங்கப் பாட்டைப் பார்த்து எழுதிய இலக்கணம் நாளைக்கு எழுதப்போகும் கவிஞரைத் தடுக்காது. அவர் பாட்டுக்கு மரம்வேர் என்று எழுதுவார், புதுக்கவிதை என்று அச்சிலும் வரும். விண்மீனுக்கு அந்த உரிமை இல்லை. லூயிஸ் கட்சிக்காரர்கள், சுருக்கம் என்றால் வருங்கால விண்மீன்களையும் சேர்த்துத்தான் என்பார்கள். சரி, ஆனால் அப்போது விண்மீன் இடிந்ததற்குக் காரணம் விதி, விதி அப்படி இருப்பதற்குக் காரணம் விண்மீன் இடிந்தது என்று வட்டமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. இதற்கும் அவர்களிடம் பதில் இருக்கிறது, இரண்டு வகையான 'காரணம்' என்று பிரிப்பார்கள், எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. விதியை வேறு எதை வைத்தும் விளக்க முடியாது, அதுவே அடிப்படை, அப்படியே விட்டுவிடுங்கள் என்று டிம் மாட்லின் போன்ற தத்துவக்காரர்கள் சொல்வது வயதாக ஆக எனக்கு நியாயமாகப் படுகிறது. சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம்.

லேப்பில் எனக்கு g மதிப்பு 9.2 வந்தது. தப்பு என் மேலா, விதி மேலா?

உங்கள் மேல்தான், ஆனால் அதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்று யோசியுங்கள். g என்பது பூமியின் ஈர்ப்பால் விழும் பொருள் நொடிக்கு நொடி எவ்வளவு வேகம் பிடிக்கிறது என்ற அளவு. தனி ஊசல் ஆட்டி 9.2 வந்தால் ரெக்கார்டு நோட்டில் 9.8 வருகிற மாதிரி ரீடிங்கைச் 'சரிசெய்து' எழுதாத மாணவர் தமிழ்நாட்டில் பிறக்கவில்லை, நான் உட்பட. (சென்னையில் உண்மையில் சுமார் 9.78. துருவத்தில் 9.83. ஆகவே 9.8 என்பதும் விதி இல்லை.) சோதனையும் விதியும் மோதினால் முதலில் நூலின் நீளத்தை, ஸ்டாப்வாட்சை, நம் கண்ணைத்தான் சந்தேகிக்கிறோம். பெரியவர்களும் இதைத்தான் செய்தார்கள். யுரேனஸ் நியூட்டன் சொன்ன பாதையில் போகவில்லை, விதியைக் குறை சொல்லாமல் பக்கத்தில் இன்னொரு கோள் இருக்கும் என்று லெ வெரியே கணக்குப் போட்டார், 1846இல் நெப்டியூன் கிடைத்தது. புதன் கோளும் இடக்கு செய்தது, அதே ஆள் அதே வழியில் சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு கோள் இருக்கும் என்றார், அதற்கு வல்கன் என்று பேர்கூட வைத்தாகிவிட்டது. கோளே இல்லை. புதனின் பாதையில் நூற்றாண்டுக்கு 43 வில்நொடி (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் ஒரு வில்நொடி) என்ற அந்த உதைப்பு 1915இல் ஐன்ஸ்டைன் புது ஈர்ப்புக் கொள்கை எழுதிய பிறகுதான் அடங்கியது. ஒரே மாதிரி இரண்டு வழக்கு, ஒன்றில் விதி தப்பித்தது, இன்னொன்றில் மாட்டியது. எது எப்படி முடியும் என்று முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் யாரிடமும் இல்லை.

நியூட்டனே தப்பு என்றாகிவிட்டது, நாளைக்கு ஐன்ஸ்டைனும் தப்பாகலாம். அப்புறம் எதை நம்புவது?

சந்திரயான்-3 போன பாதையைப் பெருமளவுக்கு நியூட்டனை வைத்தே கணக்கிட்டுவிடலாம், அந்த அளவுக்கு அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். உடைந்தது எண்கள் இல்லை, எண்களுக்குப் பின்னால் சொன்ன கதை. 'சூரியன் தூரத்தில் இருந்து இழுக்கிறது' என்ற கதை போய் 'காலவெளி வளைந்திருக்கிறது' என்ற கதை வந்தது, ஆனால் புதிய சமன்பாட்டை ஈர்ப்பு குறைந்த, வேகம் குறைந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் பழையது அப்படியே வெளியே வருகிறது. சமன்பாட்டின் எலும்புக்கூட்டை நம்பு, சதையை நம்பாதே என்று ஒரு தத்துவக் கட்சியே இருக்கிறது. எனக்கு இது முக்கால்வாசி சம்மதம். எலும்பு எது, சதை எது என்பது கொள்கை உடைந்த பிறகுதான் தெரிகிறது என்பது மட்டும் உறுத்தல்.

விதிகள் காலப்போக்கில் மாறுமா?

மாறலாம், யாரும் தடுக்கவில்லை, ஆனால் மாறியதாகத் தெரியவில்லை. ஈர்ப்பு மாறிலி காலத்தோடு குறையலாம் என்று 1937இல் டிராக் என்ற இயற்பியலாளர் சொன்னார். 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலாவில் கண்ணாடி வைத்துவிட்டு வந்தார்கள், அதில் லேசரை அடித்துத் தூரத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள், ஆண்டுக்கு லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட மாற்றம் இல்லை. இதைவிட எனக்குப் பிடித்தது ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் உள்ள ஓக்லோ சுரங்கம். அங்கே கிடைத்த யுரேனியத்தில் 235 வகை 0.720 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 0.717 இருந்தது. யார் திருடினது என்று 1972இல் பிரெஞ்சுக்காரர்கள் தேடிப்போனால், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே இயற்கையாகவே அணு உலை ஓடியிருக்கிறது! அந்தச் சாம்பலை ஆராய்ந்ததில் அணுக்கரு வினைகள் அன்றும் இன்று போலவேதான் நடந்திருக்கின்றன.

இதில் தத்துவக் கொக்கி ஒன்று உண்டு. விதி மாறியது, அந்த மாற்றமும் ஒழுங்காக நடந்தது என்றால், அந்த ஒழுங்கைத்தான் இனி விதி என்போம். ஒழுங்கே இல்லாமல் மாறினால்தான் விதி மாறியது என்று சொல்ல முடியும், அப்போது சொல்வதற்கு இயற்பியலே இருக்காது. 1918இல் எம்மி நோய்தர் என்ற கணித மேதை நிரூபித்த தேற்றம் இங்கே வருகிறது: விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றுதான் என்றால், அதிலிருந்தே ஆற்றல் அழியாது என்பது வந்துவிடும். பிரபஞ்சம் விரிவதால் மொத்தப் பிரபஞ்சத்துக்கும் இதை அப்படியே போட முடியாது. பரீட்சையில் அதை எழுதி வைக்காதீர்கள்.

விதி தடுக்காதது எல்லாம் எங்காவது நடந்தே தீருமா?

தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர் ஒருவர் இதில் நன்றாகக் கை வைத்தார், இ.சி.ஜி. சுதர்சன். பிற்காலத்தில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது என்று சார்பியல் தடுக்கிறது என்கிறோம். அது தடுப்பது அதைவிட மெதுவாகப் போகும் ஒன்று ஒளியின் வேகத்தைத் தாண்டுவதைத்தான், பிறக்கும்போதே அதற்கு அந்தப் பக்கம் பிறந்த துகளை அது ஒன்றும் சொல்லவில்லை என்று 1962இல் கூட்டாளிகளோடு எழுதினார். இமயமலையை யாராலும் ஏறிக் கடக்க முடியாது, ஆகவே அதற்கு வடக்கே ஆளே கிடையாது என்று சொல்வது எவ்வளவு அபத்தம், வடக்கே இருப்பவர்கள் அங்கேயே பிறந்தவர்கள் என்பது அவர் கொடுத்த விளக்கம். டாக்கியான் என்று பேர் பெற்ற அந்தத் துகள் இன்றுவரை அகப்படவில்லை. ஆகவே பதில், இல்லை, தீர வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் விதி எதைத் தடுக்கிறது என்று நாம் நினைக்கிறோமோ அதைவிடக் குறைவாகத்தான் அது பெரும்பாலும் தடுக்கிறது.

டப்பாவைத் திறந்தால் பெருங்காய வாசனை வீடு முழுக்கப் பரவுகிறது, திரும்பி டப்பாவுக்குள் ஏன் போவதில்லை?

வங்கிக்காரர் கேட்டது. ஒவ்வொரு மூலக்கூறும் பின்பற்றும் விதியில் 'முன்', 'பின்' என்று ஒன்றும் கிடையாது, படத்தைத் திருப்பி ஓட்டினாலும் விதிக்குச் சம்மதமே. திரும்பிப் போக முடியாது என்பதில்லை, போகிற வழிகள் பரவுகிற வழிகளோடு ஒப்பிட்டால் சொல்லவே முடியாத அளவுக்குக் கொஞ்சம். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி போல்ட்ஸ்மன் கையில் இப்படி எண்ணிக்கைக் கணக்காக மாறிவிட்டது. ஆனால் அந்தக் கணக்கை நேற்றைய பக்கம் திருப்பிப் போட்டாலும் அதே விடைதான் வரும், நேற்றும் வாசனை பரவியே இருந்திருக்க வேண்டும் என்று! நேற்று அது டப்பாவில்தான் இருந்தது. ஆகவே ஆரம்பத்தில் பிரபஞ்சமே மிக ஒழுங்கான நிலையில் இருந்தது என்று தனியாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அது விதியா, வெறும் நிகழ்வா? லூயிஸ் வழியில் அதையும் விதி என்றே சேர்த்துக்கொள்ளலாம், ஒரே வரியில் அவ்வளவு சொல்கிறது. அவர் கட்சி ஜெயிக்கும் இடம் இது என்று ஒப்புக்கொள்கிறேன்.

விதிகள் எல்லாம் ஏன் கணக்காகவே இருக்கின்றன?

இயற்பியலாளர் விக்னர் 1960இல் இது நியாயமே இல்லாத அளவுக்குப் பொருந்துகிறது என்று வியந்து எழுதினார். பாதி வியப்பை நான் குறைத்துக்கொள்வேன். கணக்குக்குப் படிகிற விஷயங்களைப் பொறுக்கி எடுத்து அதற்குத்தான் இயற்பியல் என்று பேர் வைத்தோம், படியாததை வேதியியல், உயிரியல், மாநகராட்சி என்று வேறு ஆட்களிடம் தள்ளிவிட்டோம். மீதிப் பாதி வியப்பு எனக்கும் இருக்கிறது.

இதையெல்லாம் போட்டது கடவுள்தான் என்று சொல்லிவிட்டால் முடிந்ததே?

சொல்லலாம். ஆனால் ஏன் இந்த விதி, ஏன் வேறு இல்லை என்ற கேள்வி அப்படியே அவரிடம் நகரும், அங்கே கேட்க எனக்குக் கணக்கு போதாது.

விதி இருந்தால் எல்லாம் முன்பே முடிவானதா? அப்போது தலைவிதி உண்மைதானே?

விதி மட்டும் எதையும் முடிவு செய்யாது, ஆரம்ப நிலையும் வேண்டும். இரண்டும் தெரிந்தால் வருங்காலம் முழுக்கச் சொல்லிவிடலாம் என்று 1814இல் லாப்லாஸ் எழுதினார். குவாண்டம் இயற்பியலில் பெரும்பாலும் நிகழ்தகவு மட்டுமே கிடைக்கிறது, அதன் அர்த்தம் என்ன என்பதில் இன்னும் அடிதடி. ஆனால் தலைவிதிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. தலைவிதி என்பது நீங்கள் என்ன செய்தாலும் முடிவு ஒன்றே என்கிறது. இயற்பியல் அப்படிச் சொல்வதே இல்லை, நீங்கள் செய்வதும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. இலக்கணக் கட்சியில் சேர்ந்தால் இன்னும் நிம்மதி: விதி உங்களைக் கட்டவில்லை, நீங்கள் செய்யப்போவதும் சேர்ந்துதான் விதி என்ன என்பதே முடிவாகும்.

நீட்டில் வருமா?

வராது.

மாமல்லபுரத்தில் அந்த வெண்ணெய்ப் பாறை சரிவில் உருளாமல் நிற்கிறதே, அது விதியை மீறவில்லையா?

ஒவ்வொரு தடவையும் பள்ளிச் சுற்றுலா முடிந்த மறுநாள் வரும் கேள்வி. மீறவில்லை. பாறை சுமார் 250 டன் இருக்கும் என்கிறார்கள், எடை எவ்வளவானால் என்ன, ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே விடும் கோடு பாறை தரையைத் தொடும் பகுதிக்குள் விழுகிறது, சரிவும் உராய்வு தாங்கும் அளவைத் தாண்டவில்லை, ஆகவே நிற்கிறது. ஆனால் கேள்விக்குள் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. 'பொருள்கள் கீழே வரும்' என்ற விதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாறை மீறுவது போலத்தான் தெரியும். நான்சி கார்ட்ரைட் என்ற தத்துவக்காரர் 1983இல் இதைத்தான் அழுத்திச் சொன்னார்: ஈர்ப்பு விதியைத் தனியாக எடுத்தால், அது உண்மையில் நடப்பதைச் சொல்வதே இல்லை, ஏனென்றால் உலகில் ஈர்ப்பு மட்டும் தனியாக எங்கும் வேலை செய்வதில்லை. மெரினா காற்றில் பறக்கும் சுண்டல் காகிதம் எங்கே போய் விழும் என்று நியூட்டனைக் கேட்டுப் பாருங்கள். விதிகள் எல்லாம் சோதனைச் சாலையில் வேலி போட்டு வளர்த்தவை, வேலிக்கு வெளியே அவை செல்லும் என்பதே ஒரு நம்பிக்கைதான் என்கிற வரைக்கும் அவர் போவார். அவ்வளவு தூரம் நான் கூடப் போக மாட்டேன், வேலிக்கு வெளியே விண்மீன் இடிந்ததே.

பாறை நிற்பதற்கு இயற்பியல் உத்தரவாதம் உண்டா என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டாள். இன்றைய உராய்வுக்கு உண்டு, நூறு மழைக்காலம் கழித்து அடியில் கல் எப்படித் தேய்ந்திருக்கும் என்பதற்கு எந்த விதியிலும் வரி கிடையாது, அதை யாராவது போய் அளந்தால்தான் உண்டு என்றேன். அதற்கு அடியில் நிழலுக்கு உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்களே சார் என்றாள். நான் எடுத்துக்கொண்டதில்லை.